அட்டவணையில் என் வீடு

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் நாங்கள் பதினொரு வருடம் குடியிருந்த வீட்டுக்கு இணையத்தில் இப்போது ஒரே ஒரு வரிதான் மிச்சம். 2022 அக்டோபர், நான்கறை, மாடி 10 முதல் 12 வரை, பரப்பு 93 சதுர மீட்டர், விலை 462,000 வெள்ளி. வீவக என்கிற வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் மறுவிற்பனை விலைப் பட்டியலில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். 1990-இலிருந்து கைமாறிய வீடுகள் எல்லாம் அதில் வரிசையாக நிற்கின்றன. ஆள் பெயர் கிடையாது, கதவு எண் கிடையாது. பதினோராம் மாடி என்றுகூடப் போடாமல் மூன்று மாடிகளைச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்த வரியை நான் இன்னும் அவ்வப்போது திறந்து பார்ப்பேன். பழைய மார்க் ஷீட்டை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்க்கிற மாதிரி. மனைவிக்குத் தெரிந்தால் சிரிப்பாள். உறுத்துவது என்னவென்றால், அதே மாதம் எங்களுக்கு இரண்டு மாடி கீழே, அதே பரப்பு, அதே வெயில், 489,000-க்குப் போயிருக்கிறது. இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? மேல்மாடி வீட்டில் ஏதோ கோளாறு, குளியலறை ஒழுகியிருக்கும், இல்லாவிட்டால் ஏதாவது நடந்திருக்கும் என்றுதானே? அந்த 27,000 வெள்ளிக்கு ஒரு காரணம் உண்டு. ஆனால் அதை எழுத அட்டவணையில் கட்டம் இல்லை.

காரணத்தைச் சொல்ல 2011-க்குப் போக வேண்டும்.

அப்போதெல்லாம் மறுவிற்பனை வீடு பார்க்கப் போகிறவர்கள் விலை பேசமாட்டார்கள். சிஓவி பேசுவார்கள். விற்பவர் முதலிலேயே மதிப்பீட்டாளரை வரவழைத்து வீட்டுக்கு ஒரு மதிப்பு வாங்கி வைத்திருப்பார். வங்கிக் கடன், மசேநி என்கிற மத்திய சேமநிதிப் பணம் எல்லாம் அந்த மதிப்பு வரைக்கும்தான். அதற்கு மேல் அவர் என்ன கேட்கிறாரோ அதைக் கையிலிருந்து ரொக்கமாக வைக்க வேண்டும். அந்த மேல்தொகைக்குத்தான் சிஓவி என்று பெயர். காப்பிக்கடையில் "உங்க வீடு எவ்வளவுக்குப் போச்சு?" என்று கேட்டால் "முப்பது" என்று பதில் வரும். அது முப்பதாயிரம் சிஓவி. அடியில் கிடக்கும் மூணே முக்கால் லட்சத்தை யாரும் வாயால் சொல்வதே இல்லை. அது மலை மாதிரி, அங்கேதான் இருக்கும். சண்டையெல்லாம் மலைமேல் வைத்த விளக்குக்கு.

நாங்கள் பார்த்த வீடு ஒரு மலாய்ப் பெரியவருடையது. மதிப்பு 372,000. அவர் கேட்ட சிஓவி 35,000. எங்கள் ஏஜெண்ட், "முப்பதுக்கு முடிச்சிடலாம்ணே, இந்த ஏரியாவுல இதுதான் ரேட்" என்றார். என் மனைவி இங்கேயே பிறந்து வளர்ந்தவள். முந்தின நாள் ராத்திரி வீவக இணையத்தளத்தில் அந்த புளோக் எண்ணைத் தட்டிப் பார்த்து வைத்திருந்தாள். எனக்கு அது அப்போது புரியவில்லை.

பெரியவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்ததும் அவள் மலாயில் பேச ஆரம்பித்தாள். "பாக்சிக், எத்தனை மாசமா விக்கிறீங்க?" ஐந்து மாதம் என்றார். "நிறைய பேர் வந்து பார்த்தாங்களா?" நிறைய பேர் என்றார். இவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. தேநீரை ஒரு வாய் குடித்தாள். அப்புறம், "வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேர் சீனர்களா இருந்திருப்பாங்க. வாங்கியிருக்க முடியாதே, இல்லையா?" என்றாள். பெரியவர் என்னைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. மேசையில் இருந்த பிஸ்கட் டின்னின் மூடியைச் சரியாக அழுத்தி மூடினார்.

கோட்டா என்று நாங்கள் பேச்சில் சொல்லும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989-இல் வந்தது. எந்த இனமும் ஒரே புளோக்கில், ஒரே பேட்டையில் குவிந்துவிடாமல் இருக்க வைத்த உச்சவரம்பு. புளோக்கில் சீனர்களுக்கு 87 சதவீதம், மலாய்க்காரர்களுக்கு 25, இந்தியர் மற்றும் பிறருக்கு 15. வரம்பு நிறைந்த இனத்தவர் அந்த புளோக்கில் வாங்க வேண்டுமென்றால் அதே இனத்தவர் விற்றால்தான் முடியும். சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் ஒரு மலாய்க்காரரோ தமிழரோ வீட்டை விற்கப் போனால், இந்த ஊரில் பெரும்பான்மையாக இருக்கும் சீனர்கள் அதை வாங்க முடியாது. வாங்குகிற கூட்டத்தில் முக்கால்வாசி வாசலிலேயே நின்றுவிடும். அந்த புளோக் அப்படிப்பட்ட புளோக்.

18,000-க்கு முடிந்தது. மின்தூக்கியில் இறங்கும்போது மனைவி விரலை மடக்கி "பதினேழாயிரம் மிச்சம்" என்றாள். நான் அவளைப் பெருமையாகப் பார்த்தேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் கொஞ்சம் கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளியலாளர் 1970-இல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காரின் கோளாறு விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் பயந்துகொண்டு நடுத்தர விலைதான் தருவான். நல்ல கார் வைத்திருப்பவன் அந்த விலைக்கு விற்பானேன் என்று விலகிக்கொள்வான். கடைசியில் சந்தையில் சொத்தைதான் மிஞ்சும். 2001-இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இருவரோடும் சேர்த்து அவருக்கு நோபல் கொடுத்தார்கள். அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்குப் பெரியவர் வீட்டு பிஸ்கட் டின்தான் ஞாபகம் வந்தது. எங்கள் பேரத்தில் மறைந்திருந்த விஷயம் வீட்டுக்குள் இல்லை. வீட்டில் கோளாறே இல்லை. அவருடைய கைகள் எவ்வளவு தூரம் கட்டப்பட்டிருக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும் என்பது, மனைவி கேட்கிற வரைக்கும் அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம், 17,000 வெள்ளி.

2014 மார்ச்சில் விதி மாறியது. இனிமேல் முதலில் விலை பேசி முடிக்க வேண்டும், விற்பவர் வாங்கும் உரிமை தரும் ஓடிபி பத்திரம் கொடுக்க வேண்டும், அதற்கப்புறம்தான் வாங்குபவர் மதிப்புக்கு விண்ணப்பிக்கலாம். சிஓவி விவரங்களை வெளியிடுவதையும் நிறுத்தினார்கள். பழையபடி மதிப்பைத் தட்டில் வைத்துக்கொண்டு மேல்தொகைக்கு மல்லுக்கட்ட முடியாது. சமீபத்தில் என்ன விலைக்குக் கைமாறியிருக்கிறது என்பதைப் பார்த்து மொத்த விலையைப் பேசு என்பது அதன் நோக்கம்.

எனக்கு இது இன்னும் ஆச்சரியமாகவே இருக்கிறது. தகவல் கூடக் கூடச் சந்தை சீராகும் என்றுதான் பாடப்புத்தகத்தில் படித்தோம். இங்கே ஒரு தகவலை இரண்டு வாரம் பின்னால் தள்ளி வைத்துச் சந்தையைச் சீராக்கப் பார்த்தார்கள். எண் அதே எண்தான். வருகிற முறை மாறியது. சிஓவி என்ற சொல் இரண்டே வருடத்தில் காப்பிக்கடையிலிருந்து ஏறக்குறைய காணாமல் போனது. ஆனால் முழுப் பெருமையையும் அந்த விதிக்குக் கொடுத்துவிட முடியாது. 2013-லேயே கடன் கட்டுப்பாடுகள் இறுகிவிட்டன, அந்த வருட நடுவில் உச்சத்துக்குப் போன மறுவிற்பனை விலை ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது. இறங்குகிற சந்தையில் சிஓவி தானாகவே மெலியும்.

சரி, 2022.

பையனின் பள்ளிக்கூடத்துக்காகத் தெற்கே போக வேண்டியிருந்தது. வீட்டைப் பட்டியலில் போட்டோம். முதல் மாதம் தினம் இரண்டு மூன்று அழைப்புகள். எல்லாம் முதல் கேள்வியிலேயே முடிந்துவிடும். "ஓனர் என்ன ரேஸ்?" இந்தியர் என்று ஏஜெண்ட் சொன்னதும் "ஓ, ஓகே, தேங்க்யூ." கோபமாகவோ கேவலமாகவோ யாரும் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு வாங்க வழியில்லை, அவ்வளவுதான். அந்த வருடம் மார்ச்சில்தான், கோட்டாவால் ரொம்ப நாள் விற்க முடியாமல் தவிப்பவர்களிடமிருந்து, சில நிபந்தனைகளோடு, வீவகவே வீட்டை வாங்கிக்கொள்ளும் என்று அறிவித்திருந்தார்கள். எங்களுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை.

நான்காவது மாதம் ஒரு இளம் தமிழ்த் தம்பதி வந்தார்கள். பையனுக்கு முப்பது இருக்கும், சாஃப்ட்வேர். செருப்பைக் கழற்றும்போதே அண்ணே, அக்கா என்று ஒட்டிக்கொண்டான். அந்தப் பெண் சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் வேகம் பார்த்தாள், அலமாரிக் கதவின் கீலைப் பார்த்தாள். மனைவி காப்பி போட்டாள். நான் 490 என்றேன். பையன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, "அண்ணே, இந்த புளோக்ல சைனீஸ் கோட்டா ஃபுல்தானே?" என்றான்.

மனைவி என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு ஏன் என்று புரியவில்லை. நான் மூடி அழுத்துவதற்கு மேசையில் பிஸ்கட் டின்கூட இல்லை.

462,000-க்கு முடிந்தது. ஓடிபி கொடுத்த மறுநாள் அவன் மதிப்புக்கு விண்ணப்பித்தான். ஒன்றரை வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினான். மதிப்பு 462,000. நாங்கள் தாளில் எழுதிய அதே தொகை, ஒரு வெள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 2011-இல் மதிப்பு வந்து விலையைத் தீர்மானித்தது. இப்போது நாங்கள் பேசிய விலை போய்க் கதவைத் தட்டியது, மதிப்பு உள்ளேயிருந்து "ஆமாம்" என்று குரல் கொடுத்தது. எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் வரும் என்று சொல்லவில்லை. எங்களுக்கு வந்தது.

கோட்டா வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. மின்தூக்கியில் நாலு பாஷை கேட்கிற ஊரில் வாழத்தான் எனக்குப் பிடிக்கும், அது தானாக வந்துவிடாது என்பதும் தெரியும். ஆனால் அதற்கான செலவு எல்லோர் தலையிலும் சமமாக விழுவதில்லை. குறிப்பிட்ட புளோக்கில், குறிப்பிட்ட வருடத்தில், விற்கப் போகிற குறிப்பிட்ட ஆளின் தலையில் விழுகிறது. விழுந்த சுவடும் பட்டியலில் தெரிவதில்லை. பெரியவர் எங்களிடம் இழந்தது 2011-இன் ஒரு வரிக்குள் இருக்கிறது. நாங்கள் இழந்தது 2022-இன் ஒரு வரிக்குள் இருக்கிறது. படிப்பவருக்கு இரண்டும் வெறும் விலை.

விலைக்குக் காரணம் தேவையில்லை என்று சொன்ன பெரிய மனிதர் ஒருவர் உண்டு. ஃபிரெட்ரிக் ஹாயெக். சமுதாயத்தில் அறிவு எப்படிப் பயன்படுகிறது என்று 1945-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் வெள்ளீயம். உலகத்தில் எங்கோ வெள்ளீயத்துக்குப் புதிய பயன்பாடு ஒன்று வந்துவிட்டது, அல்லது எங்கோ ஒரு சுரங்கம் நின்றுபோனது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளீயம் வாங்கும் லட்சம் பேருக்கு இரண்டில் எது நடந்தது என்று தெரிய வேண்டியதே இல்லை. விலை ஏறியிருக்கிறது என்ற ஒன்று தெரிந்தால் போதும், தானாகச் சிக்கனம் பிடிப்பார்கள். யாரும் உத்தரவு போடாமலே உலகம் முழுக்கக் கை ஒதுங்கிக்கொள்ளும்.

அவர் எதற்காக வெள்ளீயத்தைத் தேர்ந்தெடுத்தாரோ, அதைப் படிக்கும் சிங்கப்பூர்க்காரனுக்கு ஊர் ஞாபகம் வராமல் இருக்காது. மலாயாவின் வெள்ளீயத் தாதை உருக்கிய ஆலை இங்கே புலாவ் பிரானியில்தான் இருந்தது. ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி 1890-இல் அதைத் தொடங்கியது. இப்போது செந்தோசாவுக்குப் போகும் வழியில் கொள்கலன்கள் அடுக்கிக் கிடக்கிற தீவு. அந்த ஆலை வருவதற்கு இருபது வருடம் முன்பு, 1870, 71-இல், சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டார்கள். அதற்கு முன் லண்டன் விலை கப்பலில் வாரக்கணக்கில் ஆடி அசைந்து வரும். கம்பி வந்தபின் ஒரே நாளில் வந்தது. தந்தியில் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. விலையைச் சொல்லிவிடுவார்கள், காரணத்தைச் சொல்லக் கட்டுப்படியாகாது. ஹாயெக் கண்ட அழகு அதுதான், காரணம் இல்லாமலே எண் வேலை செய்துவிடுகிறது.

வெள்ளீயத்துக்கு அது சரி. ஒரு கட்டி இன்னொரு கட்டியைப் போலவே இருக்கும். ஒன்றுபோல இல்லாத பண்டத்துக்கு வரும்போது காரணம் கழன்ற எண் என்னென்ன ஆட்டம் ஆடுகிறது என்பதைத்தான் நான் பதினொரு வருடமாகப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு மட்டும் இல்லை. 2023 ஜூலை 20 அன்று இந்தியா அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. தடை விதித்தது பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கு. புழுங்கலரிசி அதில் இல்லை. ஆனால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அது வந்து சேர்ந்தபோது "இந்தியா அரிசி பேன், உடனே வாங்கி வைக்கவும்" என்று ஆகியிருந்தது. பெயரடைகள் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. நாங்கள் சாப்பிடுவது புழுங்கல் பொன்னி. தடைக்கும் எங்கள் சோற்றுக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் முழுச் செய்தியையும் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டு என்ன செய்தேன் தெரியுமா? லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போய் ஐந்து கிலோ மூட்டை நாலு வாங்கிவந்தேன். எனக்குத் தெரியும், சரி. தெரியாதவர்கள் எல்லோரும் வாங்கித் தீர்த்துவிடுவார்களே! கடையில் என்னைப் போலவே விவரம் தெரிந்த முகத்தோடு ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்ற அம்மா, "புழுங்கலுக்குத் தடை இல்லையாம் தம்பி" என்று எனக்கு விளக்கிவிட்டு மூன்று மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்.

இதில் வேடிக்கை, இந்த ஊரில் அரிசி இறக்குமதியாளர்கள் தங்கள் மாத இறக்குமதியைப் போல இரண்டு மடங்கைக் கிடங்கில் எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்தக் கையிருப்புத் திட்டத்தின் அரிசி வகைகளில் பொன்னியின் பெயரும் உண்டு. ஆகஸ்ட் கடைசியில், சிங்கப்பூருடனான தனி உறவைச் சொல்லி, இங்கே அரிசி அனுப்ப அனுமதிப்பதாக இந்தியாவும் அறிவித்தது. அதற்குள் ஆகஸ்ட் 25-இல் புழுங்கலரிசிக்கும் 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டுவிட்டார்கள், அதனால் அந்த அம்மா செய்ததுதான் சரி என்று வாதாடவும் இடம் இருக்கிறது. என் நாலாவது மூட்டையில் டிசம்பரில் வண்டு வந்தது.

காரணம் கழன்ற எண்ணால் அடிபட்டவர்களில் என் சித்தப்பா மகனை மறக்க முடியாது. மன்னார்குடிப் பக்கம். 2014-இல் இங்கே கட்டுமான வேலைக்கு வந்தான். ஏஜெண்டுக்கு ஊரில் இரண்டரை லட்சம் கொடுத்திருந்தான், பாதி வட்டிக்கு. சிங்கப்பூரில் இருக்கும் முகவர் ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம் என்று இங்கே விதி உண்டு. ஊரில் கைமாறும் பணத்தை அந்த விதி தொடாது.

அவனை இங்கே இழுத்து வந்தது ஒரு எண். "சிங்கப்பூர்ல மாசம் அம்பதாயிரம்." அது எங்கள் தெருவில் நான் சிறுவனாக இருந்த காலம் தொட்டு வெவ்வேறு தொகையில் உலவுகிற வாக்கியம். அவன் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சந்தித்தோம். போனில் படம் எடுத்து வைத்திருந்த வேலை அனுமதிக் கடிதத்தைக் காட்டினான். தொழிலாளியின் தாய்மொழியிலும் அந்தக் கடிதம் இருக்க வேண்டும் என்பதால் தமிழிலும் தெளிவாகத்தான் இருந்தது. நாள் ஒன்றுக்கு 18 வெள்ளி. திண்ணை மாதிரி இருந்த ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 26 நாளுக்கு 468. ஓவர்டைம் மாதத்துக்கு 72 மணி நேரம்தான் உச்சவரம்பு, அடிப்படைச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு வீதம் அது 243. நாலு ஞாயிறும் லீவு எடுக்காமல் வேலை பார்த்தால் இன்னொரு 144. மொத்தம் 855. அன்றைய ரேட் 48 ரூபாய். ஒரு காசு செலவு செய்யாமல் அனுப்பினாலும் 41,000.

"அப்ப அம்பதாயிரம் யாரு வாங்குறா?" என்றான்.

விசாரித்ததில் ஆள் கிடைத்தார். எங்கள் தெருக்காரர், கப்பல் பட்டறையில் எட்டு வருட சர்வீஸ், கிரேன் ஓட்டுபவர். அவரும் ஒரே ஒரு தீபாவளி மாதம் இரட்டை ஷிப்ட் பார்த்து அவ்வளவு அனுப்பியிருக்கிறார். ஊருக்குத் தொகை போய்ச் சேர்ந்தது. எட்டு வருடமும், கிரேனும், இரட்டை ஷிப்ட்டும் சேரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. யாருமே பொய் சொல்லவில்லை.

அவன் கதையில் இன்னொன்றும் உண்டு. வருவதற்கு முன் சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில் தங்கி 'டெஸ்ட் அடித்து'த்தான் வந்தான். கையில் மின்வயரிங் சான்றிதழ். இங்கே வந்து அவன் ஒரு வயரைக்கூடத் தொட்டதில்லை, மூன்று வருடம் கம்பி கட்டினான். நோபல் வாங்கிய ஸ்பென்ஸ் 1973-இல் எழுதியது இதைத்தான் சுற்றி. ஆளின் திறமையை முதலாளியால் நேரில் பார்க்க முடியாதபோது சான்றிதழ் ஒரு சைகையாக வேலை செய்கிறது, அதில் கற்ற பாடம் வேலைக்கு உதவாவிட்டாலும்கூட. இவ்வளவு சிரமப்பட்டு வாங்கியிருக்கிறானே, தாங்குவான் என்பதுதான் சேதி. என் தம்பி அதைப் படிக்காமலே, "அது என்ட்ரி டிக்கெட்டுண்ணே" என்றான்.

ஆள் தெரிந்த இடத்தில் இந்தச் சிக்கல் குறைவு. மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்த காலத்தில், ஒரே நீளக் கூடத்தில் பல நிறுவனங்களின் ஏஜெண்டுகள் ஆளுக்கொரு பெட்டியை வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வட்டித்தொழில் நடத்தினார்கள். கடன் கேட்டு வருகிறவர் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போனால், முதல் பெட்டிக்காரர் ஏன் இல்லை என்றார் என்பது ஒரு தலையசைப்பில் தெரிந்துவிடும். எண்ணோடு காரணமும் அங்கே சேர்ந்தே உட்கார்ந்திருந்தது. கிட்டங்கிகள் இடிபட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று. அந்தக் கூடத்துக்குள் இருந்தவர்களுக்கு அது வசதி. கடன் கேட்டு வெளியிலிருந்து வந்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

நான் சொல்ல வந்தது எதிர்வீட்டு ஆன்ட்டியைப் பற்றி.

நாங்கள் வீடு மாறிய ஐந்தாவது மாதம் அவரிடமிருந்து போன். சீன ஆன்ட்டி, தனியாள், பதினொரு வருடமும் எங்கள் வீட்டுப் பொங்கலும் அவர் வீட்டு ஆரஞ்சுப் பழமும் கைமாறின. வீட்டை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போகிறார். வாங்க வந்தவர் எல்லாம் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கடைசியில் போனை நீட்டியிருக்கிறார். அதில் அக்டோபர் மாதத்து வரி. அதே மாடிக் கட்டு, அதே 93, விலை 462.

"ஏன் லா அவ்வளவு மலிவா வித்தே?" என்றார் ஆன்ட்டி. குரலில் நிஜமான வருத்தம். எனக்காகவா அவருக்காகவா என்று தெரியவில்லை.

காரணத்தைச் சொன்னேன். அவர் சீனர், சீனருக்கு விற்கத் தடையில்லை, அவர் வீட்டுக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது. "அப்போ நீயே அவன்கிட்ட சொல்லு" என்று எண்ணைக் கொடுத்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் உற்சாகமாகக்கூட இருந்தது. அந்த ஒரு வரிக்கு அடிக்குறிப்பு எழுத ஒரு வாய்ப்பு கிடைத்த மாதிரி.

அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். கோட்டா, 87 சதவீதம், நாலு மாதம், "ஓனர் என்ன ரேஸ்" எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கொஞ்சம் அமைதி.

"நீங்க ஆன்ட்டிக்கு பிரெண்டா?"

"எதிர்வீடு. பதினோரு வருஷம்."

"ஓகே" என்றார். பிறகு, ரொம்ப மரியாதையாக, "உங்க வீட்ல லீக்கேஜ் ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் அட்டவணையில் ஆன்ட்டியின் வரி வந்தது. 474,000. என்னுடையதைவிட 12,000 கூட, கீழ்மாடி வீட்டைவிட 15,000 குறைச்சல். அந்தப் பன்னிரண்டில் என் பேச்சுக்கு எவ்வளவு பங்கு என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. போன் செய்தேன்.

"உன்னை அவன் நம்பவே இல்லை" என்று சிரித்தார் ஆன்ட்டி. அவன் மனைவிக்குச் சமையலறை ஜன்னல் பிடித்துப்போய்விட்டதாம். அங்கே நின்றால் ஜொகூர் கடல் ஒரு கீற்று தெரியும், அதைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டாளாம்.

"எந்தக் கடல்?" என்றேன்.

எங்கள் சமையலறையிலும் அதே பக்கம் அதே ஜன்னல்தான். ஒரு ஐந்தடுக்கு அலமாரியை அதன்மேல் சாத்தி, பொன்னி மூட்டையும் மிக்ஸி டப்பாவும் அடுக்கி வைத்திருந்தோம்.